பதினேழைத் தேடி வந்த டிரம்கள்

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஷிப்ட் தொடங்கும் நேரத்தில், முந்தின நாள் லாரி ஏறிப் போன நாற்பத்து மூன்று பிரேக் டிரம்கள் தாமாகவே உருண்டு தொழிற்சாலைக்குத் திரும்பி வந்தன. வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு, நோட்டில் ‘உள்ளே 43’ என்று எழுதினார். அவை நேரே தரச் சோதனை மேசைக்குப் போய், கழித்த சரக்கு போடும் சிவப்புத் தொட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்துகொண்டன.

அந்த மேசைக்காரியைப் பதினேழு என்றுதான் கூப்பிடுவார்கள், கண்ணுகளா. அவளுடைய முத்திரையின் எண் அது. சுத்தியலால் ஒரு தட்டு தட்டுவாள். நல்ல டிரம் மணிபோல் பாடும்; அதற்கு முத்திரை. விரிசல் விழுந்தது சளி பிடித்த தொண்டையாகக் கரகரக்கும். அதற்குச் சிவப்புச் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. ஆனால் ஷிப்ட் மாறும் பத்து நிமிஷத்தில், அவள் கைகழுவப் போனதும், சூப்பர்வைசர் ஈரத்துணியால் குறிகளைத் துடைத்து, அவளுடைய முத்திரையையே எடுத்துக் குத்தி, லாரியில் ஏற்றிவிடுவார். ஏதாவது பஸ் நிற்காமல் போய் மோதினால் மாட்டப்போவது பதினேழு. அந்த ஊர் பஸ்களில் ஒன்றை ஓட்டுகிறவன் அவள் புருஷன்.

திரும்ப அனுப்பினார்கள்; திரும்ப வந்தன. விசாரணை வைத்தார்கள். விரிசல் எப்படி விழுந்தது என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. வெட்கங்கெட்டவர்கள், யார் கூப்பிட்டது என்றுதான் கேட்டார்கள்.

“உண்மையச் சொல்லும்மா, நீதானே வரச் சொன்னே?”

“நான் எதுக்கு சார் சொல்லணும்? அதுங்களுக்கே தெரியுது, எங்க போய் உக்காரணும்னு. படிச்ச உங்களுக்குத்தான் தெரியல.”

பன்னிரண்டு வருஷம் தட்டிய கையை அன்று மத்தியானமே வெளியே அனுப்பினார்கள். சுத்தியலைக்கூடக் கொடுக்கவில்லை. மறுநாள் டிரம்கள் தொழிற்சாலையைத் தாண்டி அவள் வீட்டு வாசலுக்கு வந்தன. பிறகு, ஏற்கெனவே பஸ்களில் மாட்டியவையும் வர ஆரம்பித்தன. பஸ் டிப்போவில் நிற்கும்போதுதான் இறங்கும். சக்கரத்தைச் சுவரில் சாய்த்து, நட்டுகளை வரிசையாக அடுக்கிவிட்டே கிளம்பும். ஓடுகிற பஸ்ஸிலிருந்து ஒன்றுகூட இறங்கியதில்லை. அந்தப் பொறுப்பு வார்ப்பிரும்புக்கு இருந்தது.

ஒருநாள் காலை, வேலைக்குப் போன புருஷன் நடந்தே திரும்பினான்.

“நம்ம வண்டியோடது வந்துச்சாடி?”

“அரைமணி ஆச்சு. அந்தா, கதவோரமா.”

அவன் குனிந்து விரல் முட்டியால் தட்டினான். கரகரத்தது. நாலு மாதமாக இதை நம்பித்தான் அவன் மேட்டிலிருந்து பஸ்ஸை இறக்கிக்கொண்டிருந்தான்.

சூப்பர்வைசர் இப்போது மேலாளர். தொழிற்சாலை மூன்று ஷிப்டும் ஓடுகிறது. டிப்போவின் அறிவிப்புப் பலகையில் தினமும் ஒரு வரி இருக்கும்: பதினேழு வீட்டுக்கு டிரம் போன வண்டிகள் இன்று ஓடாது. அதைப் படித்து யாரும் வாய் பிளப்பதில்லை. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு, ஓரமாக நின்றுகொள்கிறார்கள்.