விருந்தாளியை நிமிர்த்தினேன்

அலுவலகம் முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்தில் ஒரு கல்யானை பக்கவாட்டில் கிடந்தது. என் மனைவி மங்கையர்க்கரசியும் பக்கவாட்டில் கிடந்தாள்.

இதில் பதற ஒன்றும் இல்லை. எங்கள் குடியிருப்பில் எல்லோரும் ஆட்டச் சீட்டுகள். தன் திறனைப் பயன்படுத்திய சீட்டு பக்கவாட்டில் திரும்பிவிடும். தன் தரப்பின் முறை மீண்டும் வரும்போது நிமிரும். நேர்த்தியான ஏற்பாடு. இன்று யார் வேலை செய்தார் என்று கேட்கவே வேண்டாம்.

மங்கையின் திறன் காய்ச்சலை இறக்குவது. கீழ் வீட்டு ஜாபர் பாய்க்கு இறக்கியிருந்தாள். யானையின் திறன் மிதிப்பது. எங்கள் ஃபிரிட்ஜை மிதித்திருந்தது.

ஒவ்வொருவர் நெஞ்சிலும் இரண்டு எண்கள் உண்டு. முதல் எண், எவ்வளவு அடிப்பார். அடுத்தது, எவ்வளவு தாங்குவார். யானை ஐந்து அடிக்கும். மங்கை நான்கு தாங்குவாள். நான் ஒன்றுதான் தாங்குவேன். ஒரு மனிதரைப் பற்றி இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

எனக்கும் ஒரு திறன் உண்டு. உள்ளே நுழைந்ததும், படுத்திருக்கும் ஒருவரை நிமிர்த்துவேன். ஒரே ஒருவரை. நுழைந்தாலே நடந்துவிடுவதால், இதற்காக மட்டும் நான் பக்கவாட்டில் திரும்ப வேண்டியதில்லை. மங்கை என்னைப் பார்த்தாள். யானையும் பார்த்தது.

யானை விருந்தாளி. விருந்தாளியை முதலில் கவனிப்பதுதான் எங்கள் வழக்கம். நிமிர்த்தினேன்.

“ஏங்க,” என்றாள் மங்கை தரையிலிருந்து. “யாரை நிமித்தியிருக்கீங்க?”

“வந்தவங்கள முதல்ல...”

“அது என்னை மிதிக்க வந்திருக்கு.”

“ஆமா சார்,” என்றது யானை, தும்பிக்கையை உதறியபடி. “இன்னிக்கு ஃபிரிட்ஜோட முடிஞ்சதுன்னு நெனச்சேன். ரொம்ப நன்றி.”

“காபியும் போட்டுக் குடுங்க,” என்றாள் மங்கை.

“நீங்க ஒதுங்கிக்குங்க சார்,” என்றது யானை. “இப்பதானே வந்தீங்க. வந்த முறையில ஒண்ணும் செய்ய முடியாது.”

எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. யானையை உட்காரச் சொல்லி விளக்கினேன். புதிதாக வந்தவர் அந்த முறையில் பக்கவாட்டில் திரும்பக் கூடாது. தாக்கினால் திரும்ப வேண்டும். ஆகவே தாக்க முடியாது. ஆனால் தடுப்பவர் திரும்ப வேண்டியதே இல்லை. குறுக்கே நின்றால் போதும்.

யானை யோசித்தது. “அட,” என்றது. “அழகா இருக்கே.”

“இருக்குல்ல?”

குறுக்கே நின்றேன்.

“நீங்க ஒண்ணுதானே தாங்குவீங்க,” என்றாள் மங்கை. அவள் குரல் இறங்கியிருந்தது. “மீதி நாலு?”

“வீணாப் போயிடும். உன்மேல வராது. அதுதான் இதுல விசேஷமே.”

யானை மன்னிப்புக் கேட்டுவிட்டு மிதித்தது. கணக்கு சரியாக இருந்தது.

ஆட்டம் முடிந்தவர்களின் குவியல் வாசலுக்கு வெளியே, செருப்பு விடும் இடத்தில் இருக்கிறது. நான் அதன் உச்சியில் முகம் தெரியக் கிடந்தேன். அங்கிருந்து கூடம் முழுவதும் தெரிந்தது. யானை பக்கவாட்டில் சாய்ந்தது. எங்கள் முறை வந்தது. மங்கை நிமிர்ந்தாள்.

வெளியே வந்து குனிந்து என்னைப் படித்தாள். ஒவ்வொரு சீட்டின் அடியிலும் சாய்ந்த எழுத்தில் ஒரு வரி இருக்கும். அது அழகுக்காக. ஆட்டத்தில் அதற்கு எந்த வலுவும் கிடையாது. என் வரி: எப்படியும் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார்.

“அந்த வரி செல்லாதும்மா,” என்றது யானை தரையிலிருந்து.

“தெரியும்,” என்றாள்.

உள்ளே போய் இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். கதவைச் சாத்தவில்லை.