முடிக்கக் கூடாத வண்டி

அவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். வருகிறவரின் மூக்கில் கண்ணாடியை மாட்டிவிட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்து, "ஒரு பக்கம் அரை நூல் இறங்குது" என்பார். கழற்றி வளைப்பார், மறுபடி மாட்டுவார், மறுபடி கழற்றுவார். கடையை விட்டுப் போகும்போது வந்தவரின் மூக்கு சிவந்திருக்கும். கடையில் வேலை பார்த்தவர்கள் அவருக்கு அரைநூல் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். வெளியே முறைத்தாலும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்து, வீட்டுக் கார் ஷெட்டில் வைத்துத் தன் கையாலேயே புதுசாக்கப் போகிறேன் என்று கிளம்பினால், கட்டியவள் தலையில் அடித்துக்கொள்ள வேண்டியதுதான். இவர் மனைவி அதைச் செய்யவில்லை. லாரியிலிருந்து வண்டியை இறக்கியதும் ஒரு சுற்று சுற்றி வந்தாள். இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரை இல்லாத, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிற வண்டி. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது.

"ஓனர் எலிதான் போல. அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டீங்களா?" என்றாள்.

பிறகு கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "முடிச்சதும் என்னை ஏரி ரோட்டுல கூட்டிட்டுப் போகணும். நீங்க வழக்கமா ஓட்டுவீங்களே, பின்னாடி சைக்கிள்காரன் மணி அடிப்பானே, அந்த மாதிரி இல்ல. தலை கலையணும். அதுக்கு ஒத்துக்கிட்டா ஷெட்டை எடுத்துக்கோங்க."

ஒத்துக்கொண்டார். அதற்கப்புறம் சில வருடங்கள் ஞாயிற்றுக்கிழமை என்றாலே அந்த வீட்டில் மண்ணெண்ணெய் வாசனைதான். அவள் வெறுமனே வேடிக்கை பார்க்கிறவள் இல்லை. சீட்டுக்குத் தோல் உறை தைத்தது அவள். போல்ட்டுகளைக் கழுவி, பிஸ்கட் டப்பாக்களில் பிரித்துப் போட்டு, எது எங்கே என்று மனப்பாடமாகச் சொன்னதும் அவள்தான். கணவன் மனைவி சண்டை எல்லாம் அந்த ஷெட்டில்தான் நடந்தது, சமாதானமும் அங்கேதான்.

எஞ்சின் ஓடியது. பாக்கி இருந்தது பிரேக். பிரேக் எண்ணெய்க் குழாயில் காற்று இருந்தால் வண்டி நிற்காது, அதை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். அவள் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிப்பாள். அவர் சக்கரத்தின் அருகே படுத்து, சின்ன மூடியைத் திறந்து, எண்ணெயோடு குமிழியை வெளியே விட்டு, மூடுவார். அவர் மூடும்வரை அவள் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் வெளிக்காற்று உள்ளே போய்விடும், செய்ததெல்லாம் வீண்.

"அழுத்து. பிடி. விட்டுடாதே... ஏன் விட்டே?"

"நான் எங்க விட்டேன்? அழுத்திக்கிட்டுத்தானே இருக்கேன்."

மறுபடி குமிழி. மறுபடி. ஞாயிற்றுக்கிழமைகள் போயின, குமிழி மட்டும் போகவில்லை. மனிதர் பிரேக் சிலிண்டரைக் கழற்றினார், வாஷர் மாற்றினார், குழாய் முழுவதையும் மாற்றினார், கடைசியில் சிலிண்டரையே புதிதாக வாங்கிப் போட்டார். அப்படியும் குமிழி வந்தது.

"உனக்குக் கவனமே இல்ல. டிவி ஞாபகத்துலயே உக்காந்திருக்கே."

"இல்லீங்க. நான் எடுக்கல, காலு தானா மேல வருது. பெடல்ல ஏதோ இருக்கு, பாருங்க."

பார்த்தார். பெடலின் ஸ்பிரிங்கையும் மாற்றினார். எந்தப் பழுதும் இல்லாத வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பழுது தேடினாரே தவிர, அந்தக் காலை ஒரு முறை குனிந்து பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. அவர் அறிவு அவ்வளவுதான் எட்டியது. எல்லாரையும் போலத்தான்.

பிறகு அவள் காலிலிருந்து செருப்பு நழுவத் தொடங்கியது. மாடிப்படியில் விழுந்தாள். மருத்துவமனையில் ஊசி குத்தி, நரம்புகளில் மின்சாரம் ஓடவிட்டுச் சோதித்த டாக்டரம்மா, இருவரையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். கால் போகும், கை போகும், பேச்சு போகும், கடைசியில் மூச்சு. மருந்து வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், நிறுத்தாது.

"கால்ல பலம் குறைஞ்சது எப்பலேர்ந்து?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். அவருக்குத் தெரிந்திருந்தது. எந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்றுகூடத் தெரிந்திருந்தது.

அந்த வாரம் அவளுடைய தம்பி வந்தான். அக்காவுக்காகப் பெடலை அவன் மிதித்தான். அரை மணியில் வேலை முடிந்தது. ஒரு குமிழிகூட வரவில்லை. அவர் வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வரவே இல்லை. மச்சினன் குனிந்து பார்த்தபோது, எண்ணெய் சொட்டிய தரையில் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு படுத்திருந்தார்.

அன்றைக்கே வண்டியை எடுத்திருக்கலாம். பெயிண்ட் ஒரு பூச்சு பாக்கி, கதவு இடைவெளி கொஞ்சம் கோணல், வேறு ஒன்றும் இல்லை. ஆனால் சாப்பாட்டு மேஜையில் அவள் தம்பியிடம் சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள்.

"மூஞ்சிய ஏன்டா தூக்கி வெச்சுக்கிறே? இந்த வண்டி ரோட்டுல ஓடறதைப் பாக்காம நான் எங்கயும் போக மாட்டேன்."

விளையாட்டுக்குச் சொன்னதுதான். பூனை குறுக்கே போனால் நின்றுவிட்டுப் போகிறவர்களைக் கேலி செய்கிற மனிதர் அவர். ஆனால் பயம் வந்துவிட்டால் படித்த படிப்பெல்லாம் எங்கே போகிறது என்று யாருக்குத் தெரியும்? அந்த வார்த்தையை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வண்டி முடியாதவரை இவள் போக மாட்டாள். அப்படியென்றால் வண்டி முடியக் கூடாது.

கதவு இடைவெளி அரை நூல் தப்பு என்று கதவைக் கழற்றினார். சரிசெய்து மாட்டி, மறுபடி கழற்றினார். கார்புரேட்டர் மூச்சு விடுவது சரியில்லை என்றார். நன்றாக இருந்த பெயிண்ட்டைச் சுரண்டி எடுத்தார். ஊரெல்லாம் அவரை அப்படிப்பட்டவர் என்று அறிந்திருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அரைநூல் என்ற பெயர் அவருக்கு அப்போதுதான் உண்மையிலேயே உதவியது.

"எப்பங்க போறோம்?" என்று அவள் கேட்பாள். முதலில் கைத்தடியோடு ஷெட் வாசலில் நின்று கேட்டாள். பிறகு சக்கர நாற்காலியில் இருந்து. பிறகு ஷெட்டை ஒட்டிய அறையில், படுக்கையில் இருந்து.

"அடுத்த வாரம். கதவு மட்டும்தான்."

வெளியூரில் வேலை பார்த்த மகள் நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு வந்து அம்மாவோடு இருந்தாள். ஒரு நாள் காலை அவள் ஷெட்டுக்குள் வந்தபோது, முந்தின நாள் தன் எதிரிலேயே அப்பா மாட்டிய ரேடியேட்டர் தரையில் கிடந்தது.

"அப்பா, நேத்துதானே மாட்டினீங்க?"

"ஒழுகுதும்மா."

மகள் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். கையில் ஈரமே இல்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவளுக்குப் புரிந்துபோயிற்று. திட்டலாம் என்று வாயெடுத்தவள், குனிந்து ரேடியேட்டரைத் தூக்கி அவரிடம் கொடுத்தாள்.

"அம்மாவுக்குக் கழுத்து நிக்க மாட்டேங்குதுப்பா. இனிமே தள்ளிப்போட முடியாது. முடிங்க."

முடித்தார். வருடக்கணக்காக இழுத்த வேலை ஒரே வாரத்தில் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மச்சினனும் மகளும் அவரும் சேர்ந்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவளுக்கு எடையே இல்லை. ஆனால் அந்த வண்டி தரையோடு தரையாக இருந்தது. கால்களை நீட்டி, இடுப்பை இறக்கி, முதுகைச் சாய்த்து அவளை உள்ளே வைத்தார்கள். அவள் தைத்த தோல் உறையில், அவள். முகம் மலர்ந்தது. அவர் மறுபக்கம் சுற்றி வந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமியது.

வண்டி ஓர் அடி நகர்ந்ததும் அவள் தலை மார்பில் விழுந்தது. அவர் நிறுத்திவிட்டு நிமிர்த்தினார். மறுபடி விழுந்தது. துண்டைச் சுருட்டிக் கழுத்துக்கு அண்டக் கொடுத்தார்கள். மூச்சு கரகரவென்று இழுத்தது, உதடு நீலமானது.

"அப்பா! அம்மாவுக்கு மூச்சு முட்டுது!"

வெளியே எடுத்தார்கள். தலையைத் தாங்கும் நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்ததும் மூச்சு திரும்பியது. அவர் நாற்காலியின் அருகில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் பேச்சு அப்போது குழறலாகத்தான் வந்தது. வீட்டாருக்கு மட்டும் புரியும். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"எனக்கு... தெரியும். பக்கத்து ரூம்லதானே... படுத்திருக்கேன். போல்ட் முறுக்கற சத்தமும்... கழட்டற சத்தமும்... எனக்குத் தெரியாதா?"

அவர் நிமிரவில்லை. "ஏன் சொல்லல?"

"நீங்க பயந்து போயிருந்தீங்க." மூச்சு வாங்கினாள். "சரி, போகட்டும்னு... விட்டுட்டேன். ஆனா... உக்கார முடிஞ்சப்போ... உக்காந்திருக்கலாங்க."

மச்சினன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் கண்ணால் வண்டியைக் காட்டினாள்.

"போயிட்டு வாங்க. வேகமா."

"நீ இல்லாம நான் எங்க போறது?"

"போங்க."

போனார். தெருமுனை தாண்டி, ஏரி ரோட்டில் வளைந்து, வாழ்நாளில் ஓட்டாத வேகத்தில் ஓட்டினார். காற்று முகத்தில் அறைந்தது. பக்கத்துச் சீட்டைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தார், பார்த்தார். கண் மறைத்தது. ஏரிக்கரை ஓரமாக நிறுத்திவிட்டு, ஆள் பார்ப்பார்களே என்றுகூட நினைக்காமல் அழுதார். பிறகு திரும்பி வந்தார்.

அவள் கேட்டருகிலேயே காத்திருந்தாள். மகள் குடை பிடித்திருந்தாள்.

"எப்படி... இருந்துச்சு?"

அவள் எதையும் இழக்கவில்லை என்று அவளை நம்பவைக்க நினைத்தார் மனிதர். "ஒண்ணும் பிரமாதமில்ல. ஒரே சத்தம். குலுக்குது. சாதாரண வண்டிதான்."

அவள் கண்ணால் அவரைக் கிட்டே கூப்பிட்டாள்.

"பொய் சொல்லாதீங்க. நல்லா இருந்துச்சுன்னு... சொல்லுங்க. அதையாவது... கேட்டுக்கறேன்."

அவர் நாற்காலி அருகே உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நல்லா இருந்தது என்று சொன்னார். வீட்டை விட்டுக் கிளம்பிய இடத்திலிருந்து தொடங்கி, ஒரு வளைவு விடாமல் சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.