லேசர் பக்கத்தில் விடுபட்ட வரி

அக்காவின் கணவருக்கு வீட்டில் விஞ்ஞானி என்று பட்டப்பெயர். வைத்தது அக்காதான். அதைப் பாராட்டு என்று நம்பிக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

மூடிக் கிடந்த டயர் கிடங்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, அவர் ஒரு ஹேக்கர்ஸ்பேஸ் தொடங்கினார். கருவிகள் எல்லோருக்கும் பொது, யாரும் வந்து எதையும் செய்து பார்க்கலாம் என்பது ஏற்பாடு. முப்பரிமாண அச்சு இயந்திரம் இருந்தது, லேசர் வெட்டும் இயந்திரம் இருந்தது, சால்டரிங் மேசை இருந்தது. வேலைதான் நடக்கவில்லை. வாய் ஓயாமல் பேச்சு நடந்தது.

அக்காவின் தங்கை, அவருடைய மைத்துனி, ஒரு கல்லூரி நூலகர். வாஷிங் மெஷினின் திருகும் குமிழ் உடைந்து, அதை அச்சிட்டு எடுக்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனாள்.

"இதை எப்படி ஆன் பண்றது அத்தான்?"

"எல்லாம் விக்கில இருக்கும்மா. நாங்க எதையும் மறைச்சு வைக்கிறதில்ல. திறந்த அறிவு!"

அங்கே விக்கி என்றால் உறுப்பினர் யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்று வைத்திருந்த இணையப் பக்கங்கள். அவள் செல்போனில் திறந்து பார்த்தாள். அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் அறிவின் விடுதலை பற்றி அத்தான் பத்தி பத்தியாக வெளுத்து வாங்கியிருந்தார். சுவிட்ச் எங்கே என்பது மட்டும் இல்லை. தீயணைப்பான் பக்கத்தில் 'விரைவில்' என்ற ஒரே சொல். எரிகிற நெருப்பு அதுவரை காத்திருக்கும் என்று நினைத்தார்கள் போலும்.

அவளுக்குக் கை துறுதுறுத்தது. உறுப்பினராகச் சேர்ந்து எழுத ஆரம்பித்தாள். எந்தத் திருகாணி எந்த டப்பாவில், எந்த பிளக்கைத் தொட்டால் ஷாக் அடிக்கும், எந்த இயந்திரத்துக்கு என்ன கோளாறு என்று ஒவ்வொன்றாக நேரில் பார்த்து எழுதினாள். டிரோன் கட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டே ஸ்டூலைத் தேய்த்தவர்களும், ரோபோ என்று ஒரு பொம்மைக் காரைக் காட்டிக்கொண்டு திரிந்தவர்களும், "சூப்பர் மேடம்" என்று பெருவிரலை உயர்த்தினார்கள். ஒரு வரி படித்தவன் கிடையாது. இந்தக் கூட்டத்துக்கு எழுதுவதைவிட டயர் கிடங்கின் சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனாலும் எழுதினாள். அவர்களைவிடத் தான் ஒரு படி மேல் என்ற நினைப்பு அவளுக்கு இனிக்கத்தான் செய்தது.

படித்தவர் ஒருவர் இருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். பொம்மை ரயிலுக்கு ஸ்டேஷன் கட்டுவதற்காக வருவார். யாரோடும் அதிகம் பேசமாட்டார். விக்கியைத் திறந்து வைத்து, ஒவ்வொரு வரியிலும் விரலை ஓட்டி, அதில் சொன்னபடியே செய்துவிட்டுப் போவார். அவரையும் அவள் மதிக்கவில்லை. சொந்த மூளை இல்லாத மனுஷன் என்று அக்காவிடம் கேலி செய்திருக்கிறாள்.

லேசர் பக்கத்தின் தலையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி போட்டிருந்தாள்: பிவிசி பிளாஸ்டிக் தகட்டை இதில் வெட்டாதீர்கள், நுரையீரலை அரிக்கும் வாயு வரும். பத்திரிகையிலிருந்து ஆள் வரப்போகிறார் என்றதும் அத்தான் அந்த வரியைத் தூக்கிவிட்டு, 'உங்கள் கனவுகளை வெட்டி எடுங்கள்' என்று போட்டார்.

"ஏன் அத்தான் எடுத்தீங்க?"

"பார்த்த உடனே விஷம், சாவுன்னு இருந்தா யாரும்மா வருவாங்க? பாசிட்டிவா இருக்கணும்."

அவள் நினைத்திருந்தால் ஒரு நிமிடத்தில் அந்த வரியைத் திரும்பப் போட்டிருக்கலாம். போடவில்லை. எப்படியும் யார் படிக்கப்போகிறார்கள், பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

பத்திரிகைக்காரர் வந்த அன்று அத்தான் சட்டைக்கு இஸ்திரி போட்டு, மனித குலத்தின் எதிர்காலத்தைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தார். ஒரு மூலையில் கண்ணாடிக் கடைக்காரர், மிச்சம் மீதி போட்டுவைத்த அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு கறுப்புத் தகட்டை எடுத்து லேசரில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் தொண்டையைப் பிடிக்கும் ஒரு நெடி. பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். முதலில் தெருவில் நின்றது அத்தான். கடைக்காரர் மட்டும், இயந்திரத்தை அணைத்துவிட்டுத்தான் நகர வேண்டும் என்று விக்கியில் இருந்ததால், அந்தப் புகைக்குள் நின்று அணைத்துவிட்டு வந்தார். அவளே எழுதிய வரி அது.

அவர் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தார். அவள் போய் நின்றதும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"மன்னிச்சுக்குங்க மேடம். வெட்டுறதுக்கு முன்னாடி ஒருதடவை லேசர் பக்கத்தைப் பார்த்துட்டுத்தான் வெச்சேன். எதை வெட்டக்கூடாதுன்னு ஒண்ணும் போடல. இருந்தா நீங்க போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்."

அவள் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள்.

அக்கா வீட்டில் அத்தான் சோபாவில் சாய்ந்துகொண்டு, "வெட்டுறதுக்கு முன்னாடி அவர் யாரையாவது கேட்டிருக்கணும்" என்றார்.

"நீங்க வாயை மூடுங்க" என்ற அக்கா, தங்கையின் பக்கம் திரும்பினாள். "அவருதான் தெரிஞ்ச கதை. உனக்கு என்னடி ஆச்சு? தெரிஞ்சே சும்மா இருந்தியா?"

அவள் அங்கேயே உட்கார்ந்து லேசர் பக்கத்தைத் திறந்தாள். சிவப்பு வரியைத் திரும்பப் போட்டாள். அதன் கீழே எழுதினாள்: 'இந்த எச்சரிக்கை சில நாள் இங்கே இல்லை. அதனால் நம்மில் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். எடுத்தவர் நிறுவனர். பார்த்தும் பேசாமல் இருந்தவள் நான்.' கீழே தன் பெயரையும் போட்டாள்.

பக்கம் மாறியதாகத் தகவல் வந்து அத்தானின் செல்போன் சிணுங்கியது. படித்ததும் முகம் சிவந்துபோயிற்று.

"குடும்ப மானத்தையே வாங்குறியே! என்னைப் பத்தின வரியை எடு."

"என் பேரும்தான் இருக்கு அத்தான்."

"உனக்கென்ன, நீ லைப்ரரியில புத்தகம் அடுக்குறவ. எனக்கு நாலு இடத்துல பேரு இருக்கு. உனக்கு என்மேல கொஞ்சமாவது மரியாதை இருக்கா?"

"இல்ல அத்தான்" என்றாள். சத்தமே இல்லாமல், காபி வேண்டாம் என்று சொல்வதுபோல.

அவர் அந்த வரியை அழித்தார். அவள் திரும்பப் போட்டாள். மறுநாளும் அழித்தார், மறுநாளும் போட்டாள். எதையும் முழுதாகச் செய்து பழக்கமில்லாத மனுஷன் அல்லவா, ஒரு வாரத்துக்கு மேல் அவரால் அதையும் தொடர முடியவில்லை.