ஐந்தருவி மேட்டில் உமாராணி

இங்கிலாந்தில், ஷெஃபீல்டு ஆஸ்பத்திரியில் வேலை உறுதியானதும் உமாராணிக்குப் புதிதாக ஒரு கவலை வந்து சேர்ந்தது. தென்காசி ஆஸ்பத்திரியில் அவளோடு நர்ஸாக இருந்து, முன்பே அந்த ஊருக்குப் போய்விட்ட பாஹிமா போனில் சொன்னாள்.

"நாங்க இருக்கிற பக்கத்துல இருந்து காலை டியூட்டிக்குத் தோதா பஸ் கிடையாதுட்டி. நான் சைக்கிள்லதான் போயிட்டு வாரேன். மழை, காத்து, மேடு எல்லாம் உண்டு. ஓட்டப் படிச்சிட்டு வா."

உமாராணிக்கு முப்பத்தாறு வயது. சைக்கிளில் ஏறியதே இல்லை.

கணவன் முத்துச்செல்வம் போலீஸ் ஏட்டு. "அந்த மழையிலயும் மேட்டுலயும் சைக்கிள்ல வேலைக்குப் போறது உனக்கு நடக்குற காரியமாட்டி?" என்றான். கேலி இல்லை, நிஜமாகவே பயந்தான்.

"இங்கனயே ஓட்டிப் பாத்திருதேன். முடியலன்னா அப்புறம் யோசிப்போம்."

ஆய்க்குடி பள்ளிக்கூட மைதானத்தில் பக்கத்து வீட்டு ஜெயசித்ரா சைக்கிள் கேரியரைப் பிடித்துக்கொள்ள, உமாராணி விழுந்து விழுந்து ஓட்டப் படித்தாள். முழங்கால் தோல் உரிந்தது. ஆனி பிறந்து சாரல் தொடங்கியபோது ஆய்க்குடியிலிருந்து தென்காசிக்குச் சைக்கிளிலேயே டியூட்டிக்குப் போக ஆரம்பித்தாள். மாற்று யூனிபாரத்தைப் பாலிதீன் பையில் சுற்றிக் கூடையில் வைத்துக்கொள்வாள். முதல் வாரம் தொடை வலியில் வார்டில் நிற்க முடியவில்லை. அடுத்த மாதம் வலி இருந்த இடமே தெரியவில்லை.

"சமதரையில சரி. மேட்டுக்கு என்ன செய்வ?" என்றான் முத்துச்செல்வம்.

"ஞாயித்துக்கிழமை ஐந்தருவிக்கு ஓட்டுதேன். நீங்க பின்னால கார்ல வாங்க. முடியலன்னா சைக்கிளத் தூக்கிப் போட்டுக்கிடலாம்."

சீசன் ஞாயிறு. குற்றாலத்தை நெருங்கும்போதே வேன்களும் பஸ்களும் ரோட்டை அடைத்து நின்றன. முத்துச்செல்வத்தின் கார் அதற்குள் மாட்டிக்கொண்டது. உமாராணி ஓரமாகவே நுழைந்து போய்விட்டாள்.

கூட்டத்தைத் தாண்டியதும் மேடு தொடங்கியது. மலையிலிருந்து காற்று நேராக நெஞ்சில் அடித்தது. சாரல் கண்ணை மறைத்தது. ஒரு வளைவில் சைக்கிள் ஏறக்குறைய நின்றேவிட்டது. இறங்கிவிடலாம் என்று ஒரு கால் தரையைத் தேடியது. பின்னால் கார் இல்லை. இறங்கினால் யாருக்கும் தெரியப் போவதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். இன்னொரு மிதி. அதற்கு மேல் ஒன்று. திடீரென்று கால் லேசானது. மேடு முடிந்து, அருவிச் சத்தம் காதுக்கு வந்தது.

வெகுநேரம் கழித்து, காரைக் கீழேயே நிறுத்திவிட்டு முத்துச்செல்வம் மூச்சு வாங்க நடந்து வந்து சேர்ந்தான். அவள் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தாள்.

"எங்கயாவது இறங்கித் தள்ளினியா?"

"இல்ல."

 அவன் உடனே போனை எடுத்துப் பாஹிமாவைக் கூப்பிட்டான். "ஏம்மா, உமாவுக்கு அங்கன நல்ல சைக்கிளா ஒண்ணு பாத்து வையி. மேடெல்லாம் ஏறிருவா." குரலில் அப்படியொரு பெருமை.

போனை வைத்துவிட்டு, "சைக்கிள உருட்டிட்டுப் போய்க் கார்ல ஏத்திருவோமா?" என்றான்.

"வேண்டாம். நீங்க பைய நடந்து வாங்க" என்று உமாராணி ஏறி உட்கார்ந்தாள். இறக்கத்தில் காற்று இப்போது முதுகில் இருந்தது. நனைந்த துப்பட்டாவை இறுக முடிந்துகொண்டு, நின்றிருந்த வண்டிகளை எல்லாம் கடந்து, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி போனாள்.