நம்பருக்கு வந்த கொழுந்து

“அம்மா, மேல போறது எந்தப் பிளேன்னு கீழ இருக்கவங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

ஆறு வயதில், ஒரு பள்ளி விடுமுறை நாளில், நமுனுகுல மலையில் தேயிலைச் செடியோரம் உட்கார்ந்து மதுஷா கேட்டது இது. காய்ச்சலோடு கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அவள் அம்மா ஜெயலெட்சுமி, “தோட்டத்துல நமக்குக் குடுத்த மாதிரி அதுக்கும் நம்பர் குடுத்திருப்பாங்க. சும்மா இரு புள்ள” என்றாள். அந்நேரம் பக்கத்து நிரையில் நின்ற பூவம்மா, தன் கொழுந்தை அள்ளி ஜெயலெட்சுமிக்குத் தெரியாமல் அவள் சாக்கில் போட்டாள். பார்த்துவிட்ட குழந்தைக்கு வாயில் விரல் வைத்துக் காட்டினாள்.

அம்மா சொன்னதில் தப்பில்லை. இன்று கொழும்புப் பக்கத்தில் ராடார் திரையின் முன் உட்கார்ந்து அந்த நம்பரைக் கொடுப்பவர்களில் மதுஷாவும் ஒருத்தி. நாலு இலக்கம். விமானி அதைத் தன் கருவியில் வைத்துக்கொள்வார். ராடார் கேட்கும்போதெல்லாம் கருவி அந்த நம்பரையும் உயரத்தையும் பதிலாகச் சொல்லும். திரையில் புள்ளிக்குப் பக்கத்தில் விமானத்தின் பேர் விழும்.

அம்மன் திருவிழாவுக்கு லீவில் வந்தவள், மத்தியானச் சோற்றைத் தூக்கிக்கொண்டு மலைக்கு ஏறினாள்.

“என்னா புள்ள, ஏரோப்ளேனையெல்லாம் அந்தரத்துல விட்டுட்டு வந்துட்டியா?” என்றாள் பூவம்மா.

“வேற ஆளு பாத்துக்கிறாங்க அத்தை.”

“எது எதுன்னு எப்பிடித்தான் கண்டுபிடிக்கிறீங்களோ. எனக்கு லயத்து வீட்டு வாசல்ல என் கோழியே தெரிய மாட்டேங்குது.”

“ராடாருக்கும் தெரியாது அத்தை. பிளேன் சொல்ற நம்பரைத்தான் நம்பும். விமானி ஒரு இலக்கத்தை மாத்தி வச்சிட்டா, வேற பிளேனோட பேரு விழுந்தாலும் விழும். நாங்கதான் கவனிச்சுத் திருத்தணும்.”

“நம்ம புதுத் தராசு மாதிரிதான்” என்றாள் ஜெயலெட்சுமி. “கார்டைக் காட்டுனா அந்த நம்பருக்கு நிறை விழும். யாரு பறிச்சதுன்னு அதுக்கென்ன தெரியும்.”

பூவம்மா வீங்கிய விரல் முட்டிகளைத் தடவிக்கொண்டாள். “கை வலியும் அதுக்குத் தெரியாது. இன்னிக்கும் நிறை கொறஞ்சா அரைநாள் சம்பளந்தான். அதோட என்னையக் கொழுந்துலருந்து எடுத்துப் புல்லுச் சுரண்டப் போட்டுருவேன்னு கணக்கப்பிள்ளை சொல்லிட்டாரு. இந்தக் கையால எப்பிடிச் சுரண்டி புடிப்பேன்?”

பெண்கள் கை கழுவிச் சாப்பிட ஓடைக்கு இறங்கினார்கள்.

“நீ வரல?” என்று கேட்டாள் ஜெயலெட்சுமி.

“நான் சாக்கைப் பாத்துக்கிறேன். நீங்க மெதுவா வாங்கம்மா.”

பேச்சுக்குரல்கள் கீழே தேய்ந்ததும் மதுஷா பூவம்மாவின் நிரைக்குள் நுழைந்தாள். பழக்கம் விட்டுப்போன விரல்கள் முதலில் தடுமாறின. பிறகு இரண்டு இலையும் மொட்டுமாகத் தாமாகவே கிள்ளின. ராடார் அறையில் ஒன்றின் பேர் இன்னொன்றுக்கு விழாமல் காப்பது அவள் வேலை. இங்கே தான் பறிப்பது பூவம்மாவின் பேருக்கு விழட்டும் என்று நினைத்தாள். அதே நிரை, அதே செடி. தோட்டத்துக்கு ஓர் இலைகூடக் குறையப்போவதில்லை.

மலையில் முதல் பிடி பறிக்கும்போது, கொழுந்து பெருகட்டும் என்று எல்லாரும் சேர்ந்து உரக்கச் சொல்வதை, அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

“பொலி, பொலி.”

கைநிறையக் கொழுந்து பூவம்மாவின் சாக்குக்குள் விழுந்தது. ஓடையிலிருந்து சிரிப்புச் சத்தம் மேலே வந்தது. மதுஷா அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.