ஆண்டாயியின் முகம்

அம்சவள்ளி கும்பகோணத்தில் ஓவியம் படித்துவிட்டு அரியலூருக்குத் திரும்பியபோது, அவள் படங்களைப் பார்த்த எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "ஏம்மா, மனுசன் மூஞ்சி பச்சையா இருக்கு?"

அவளுக்குப் பயம் பச்சை, கோபம் ஊதா. மனசுக்குள் ஓடுவதை வரைவாள். மூக்கு கொஞ்சம் இடம் மாறிப்போனால் கவலைப்பட மாட்டாள். வாங்கத்தான் ஆளில்லை. டைப்ரைட்டிங் தெரிந்திருந்ததால், எண்பத்தேழில் ஊருக்கு வெளியே ஒரு சிமெண்ட் ஆலையின் ஆபீசில், புதிதாக வந்த கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை கிடைத்தது.

அந்த ஆலையின் சுண்ணாம்புக்கல் குவாரியில்தான் அவள் அம்மா ஆண்டாயி கல் உடைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவை வரைய அம்சவள்ளி பலமுறை முயன்றிருந்தாள். வண்ணத்தில் ஆண்டாயியின் கோபம் வந்துவிடும். களைப்பு வராது, முகத்தில் படிந்த அந்தச் சாம்பல் தூசியும் வராது.

ஒருநாள் பிரிண்டர் கோளாறாகி, தாள் நகராமல், அடித்த வரிமேலேயே திரும்பத் திரும்ப அடித்தது. தாளை உருவிப் பார்த்தாள். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கரியாகியிருந்தன. பக்கத்தில் வெறும் புள்ளிகள் அடித்த இடம், கையால் துடைத்த தூசியைப் போல மெலிந்து கிடந்தது. அம்மாவின் களைப்பையும் தூசியையும் எழுத்துகளாலேயே கொண்டுவரலாம் என்று அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது.

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில், தூக்கிப்போட்ட தாள்களின் பின்பக்கத்தில், எழுத்துகளை அடுக்கி அம்மாவின் முகத்தைத் துண்டு துண்டாக அடித்தாள். மேனேஜர் அய்யம்பெருமாள் ஒருநாள் பின்னால் வந்து நின்றுவிட்டார்.

"என்னம்மா இது, ஆபீஸ் வேலையா?"

"இல்லைங்க சார். படம். குப்பைக்குப் போற பேப்பருங்க."

அவர் தாளைக் கிட்டே பிடித்தார், எட்டப் பிடித்தார். "கண்ணு மாதிரி தெரியுதே?"

"கண்ணுதாங்க சார்."

"சரி. சாப்பாட்டு நேரத்துல மட்டும். மிசின் கெட்டுப்போச்சுன்னா நான் பொறுப்பில்ல" என்று போய்விட்டார்.

துண்டுகளைப் பழைய போர்வைத் துணியில் ஒட்டி, மேலே வண்ணம் தீட்டினாள். நெற்றியில் ஊதா, கழுத்தில் ரத்தச் சிவப்பு. கன்னங்களை மட்டும் எழுத்துகளுக்கே விட்டுவிட்டாள்.

ஆயுத பூஜையன்று குவாரிக்காரர்களையும் ஆலைக்குள்ளே விட்டார்கள். கம்ப்யூட்டருக்கும் சந்தனப் பொட்டு. ஆபீசை ஒட்டிய ஷெட் சுவரில் ஆள் உயரத்துக்குத் தொங்கியது படம்.

ஆண்டாயி பொரிப் பொட்டலத்தோடு வந்தவள் திகைத்து நின்றாள். "ஏண்டி, ஊரு சிரிக்கவா என்னைய இப்படித் தொங்கவுட்ட?"

யாரும் சிரிக்கவில்லை. கூட வேலை பார்க்கும் உண்ணாமலைதான் பேசினாள். "பொழுது சாயக் குழியிலேர்ந்து ஏறி வரும்போது ஒம் மூஞ்சி இப்படித்தான் இருக்கும் ஆண்டாயி. எங்க எல்லாருக்கும் அப்படித்தான்."

ஆண்டாயி படத்துக்குக் கிட்டே போய், காய்ப்பேறிய விரலால் கன்னத்து எழுத்துகளைத் தடவினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"என்னடி எழுதியிருக்க? எம் பேரா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அம்சவள்ளிக்குப் பொய் வரவில்லை. "இல்லம்மா. இங்கிலீசு எழுத்து. சும்மா அடிச்சது, அர்த்தமெல்லாம் ஒண்ணுமில்ல."

"எம் மூஞ்சில அர்த்தமில்லாததயா எழுதுவ? பேர எழுதுடி."

அம்சவள்ளிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்படி அவளுக்குத் தோன்றவே இல்லையே! அந்த மிசினில் தமிழ் எழுத்து கிடையாது. என்ன இப்போது? ஆங்கில எழுத்திலேயே பெயரை அடிக்கலாம். மெலிந்த இடத்தில் ஒருதரம், இருண்ட இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பலதரம்.

"எழுதறேம்மா. புதுசாவே போடறேன்."

"அப்ப எம் பேரும்" என்றாள் உண்ணாமலை, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. அவள் பின்னால், கூடக் கல் உடைக்கும் கொளஞ்சியும் பொன்னம்மாளும் வந்து நின்றார்கள். அய்யம்பெருமாள் தலையைச் சொறிந்தபடி, பிரிண்டருக்கு இன்னொரு மை ரிப்பன் வாங்கச் சொல்லி ஆளனுப்பினார்.