பக்கத்து இருக்கையின் பிரேக்

என் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எல்லாரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அடுப்பில் பால் பொங்கினால் எட்ட நின்று என்னைக் கூப்பிடுகிற ஆள், காரில் ஏறிவிட்டால் ராஜா.

பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அவர் அதை மிதித்தால் கற்றுக்கொள்பவரின் பிரேக்கும் சேர்ந்து கீழே இறங்கும். மற்ற மாஸ்டர்கள் அதை டக்கென்று மிதித்து, கூடவே நாலு வசவும் வைப்பார்கள். இவர் பெருமையே வேறு. ஓட்டுகிறவர் பிரேக்கில் கால் வைக்கும் நேரம் பார்த்துத் தானும் சத்தமில்லாமல் அழுத்துவார். தாங்களே நிறுத்திவிட்டதாக அவர்கள் பூரித்துப்போவார்கள். “என் கால் பட்டதே அவங்களுக்குத் தெரியாது. பயம் தன்னால போயிடும்” என்பார். பயம் போனதும் தன் காலை எடுத்துக்கொண்டு, அவர்களையே மிதிக்க விடுவார். அதுதான் அவர் முறை.

என் தங்கையிடம் மட்டும் அவர் காலை எடுக்கவில்லை. அதற்குக் காரணம் என் வாய்.

அம்மா போன பிறகு நான் வளர்த்த பெண் அவள். வீட்டில் அவளுக்கு வாலு என்றுதான் பெயர். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சின்ன வேன் ஓட்டும் வேலை கிடைக்கும் என்று தெரிந்ததும், “அத்தான், எனக்குச் சொல்லிக்குடுங்க” என்று வந்து நின்றாள். நான் வாசல்வரை போய் அவரிடம் சொன்னேன்: “இவளுக்கு ஒரு கீறல் விழுந்துச்சு, அப்புறம் வீட்டுப் பக்கமே வராதீங்க.” தினமும் சொன்னேன். அவர் கிளம்பும்போதும் சொன்னேன், திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதும் சொன்னேன். மனுஷன் என்ன செய்வார்?

வாலு விறுவிறுவென்று கற்றுக்கொண்டாள். “அக்கா, சும்மா கால வெச்சா போதும், வண்டி என் பேச்சு கேக்குது” என்று தலைகால் புரியாமல் ஆடினாள். ஓட்டுநர் தேர்வு மைதானத்தில் நடந்தது. ஊர்ந்து போகிற வேகத்தில் எட்டுப் போடச் சொன்னார்கள், பின்னால் எடுக்கச் சொன்னார்கள். அந்த வேகத்துக்கு மெதுவாகக் கால் வைத்தாலே வண்டி நின்றுவிடும். பாஸாகிவிட்டாள். வேலையிலும் சேர்ந்தாள்.

அந்த வாரமே அது நடந்தது. நல்ல பகல் வெளிச்சம். முன்னால் போன வண்டியிலிருந்து ஒரு தண்ணீர் கேன் உருண்டு சாலையில் விழுந்தது. வாலு பிரேக்கில் கால் வைத்தாள். வேன் நிற்கவில்லை. ஸ்டீயரிங்கை ஒடித்தாள். பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்த ஒரு அம்மாவின் மேல் வேன் மோதியது.

விடுதி ஒன்றில் சமையல் செய்கிற அம்மா. இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் இனிமேல் வாக்கரை ஊன்றித்தான் நடக்க வேண்டும், அடுப்படியில் நிற்கவெல்லாம் முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாங்கள் போய்ப் பார்த்தோம். திட்டுவார் என்று நினைத்துப் போனேன். அந்த அம்மா வாலுவைப் பார்த்து, “உனக்கு அடி படலையே?” என்று கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வாலு ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். “கால் வெச்சேன் அக்கா. சத்தியமா வெச்சேன். வண்டி நிக்கல.”

வேனைச் சோதித்த மெக்கானிக், பிரேக்கில் ஒரு குறையும் இல்லை, கல்லு மாதிரி இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதோடு எல்லாருக்கும் அவள் பொய்க்காரியாகிவிட்டாள். பயத்தில் வேறு எதையோ மிதித்துவிட்டு வண்டிமேல் பழி போடுகிறாள் என்று பரிசோதனைக் கூடத்து மேலாளர் முகத்துக்கு நேரே சொல்லி வேலையை விட்டு நிறுத்தினார். என் காதில் பூ சுற்றுகிறாளோ என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. கடைசியில் அவளே தன்னை நம்பவில்லை. “எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு. செஞ்சது எது, நினைச்சது எதுன்னே தெரியல” என்றாள். சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தாள்.

மெக்கானிக் சொன்னதைக் கேட்ட நாளிலிருந்து என் வீட்டுக்காரர் முகம் சரியில்லை. பயிற்சிக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். நான் எது கேட்டாலும் பிடி கொடுக்காமல் எழுந்து போனார். எனக்குப் பொறுக்கவில்லை.

“அவ பைத்தியம் பிடிச்ச மாதிரி கிடக்கா. நீங்க ஊமையா திரியிறீங்க. உங்களுக்கு என்ன தெரியும்? சொல்லுங்க” என்று சமையலறை வாசலை மறித்து நின்றேன்.

“அவ பொய் சொல்லல” என்றார். “கால் வெச்சிருப்பா. வைக்க மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.”

பிறகு முழுவதையும் சொன்னார். முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை அவளுடைய ஒவ்வொரு பிரேக்கையும் அழுத்தியது அவர் கால். எடுக்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் என் குரல் காதில் கேட்டதாம்.

“போய் அவகிட்ட சொல்லுங்க” என்றேன்.

“சொன்னா என்னை என்னன்னு நினைப்பா?”

“இப்போ அவ தன்னை என்னன்னு நினைச்சிட்டிருக்கா, அதைப் பாருங்க.”

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். வாலு எழுந்து உட்கார்ந்து கேட்டாள். கத்துவாள், எதையாவது தூக்கி எறிவாள் என்று நான் பக்கத்திலேயே நின்றேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

“அப்போ நான் ஒரு தடவைகூட வண்டிய நிறுத்தினதே இல்லையா, அத்தான்?”



மறுநாள் காலையில் அவளே பயிற்சிக் காரின் சாவியைக் கேட்டாள். மைதானத்துக்குப் போனோம். வழக்கம்போல இவர் பக்கத்து இருக்கையில் ஏறப் போனார். “நீங்க வேணாம் அத்தான். அக்கா உக்காரட்டும்” என்றாள். எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. அதனால்தான் என்னைக் கூப்பிட்டாள் என்று புரிந்தது. நான் ஏறிக் கால்கள் இரண்டையும் இருக்கைக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டு பெல்ட்டைப் போட்டேன். இவர் வெளியே கொஞ்சம் தள்ளி நின்றார்.

பிறகு கிட்டே வந்து, இறக்கிய கண்ணாடி வழியாகக் குனிந்து, “திருப்பாதே, நேரா பிடி. குதிகால ஊன்றி முழுசா மிதி. நிக்கிற வரைக்கும் எடுக்காதே” என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடியும் விலகிக்கொண்டார்.

வாலு வேகமெடுத்தாள். மைதானம் பின்னால் ஓடியது. முதல் தடவை மெதுவாகக் கால் வைத்தாள். கார் கொஞ்சம் தயங்கிவிட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். சுற்றி வந்து, அவர் நின்றிருந்த இடத்துக்கு எதிரே, இன்னொரு தடவை மிதித்தாள். இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பின் பாரம் முழுக்கக் காலில் இறக்கி மிதித்தாள். பெல்ட் என் தோளை அறுத்தது. மண் பறந்தது. கார் அந்த இடத்திலேயே நின்றது.

அவள் காலை எடுக்கவில்லை. ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள்.

“இவ்வளவுதானா அக்கா? இத ஒரே ஒரு தடவை பண்ண விட்டிருந்தா அந்தம்மா நல்லா நடந்திருப்பாங்களே.”

கண்ணாடி இறக்கித்தான் இருந்தது, வெளியே நின்றவருக்குக் கேட்டிருக்கும். அவர் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.